படியும் பேரும் கையெழுத்தும்

தெமோதரையில் ரயில் ஒரு குன்றைச் சுற்றி வந்து, சற்று முன் தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. உல்லாசப் பயணிகள் அதைப் படம் பிடிக்கிறார்கள். ஊவாக்காரருக்கு அது பழகிப்போன காட்சி. மலைநாட்டு ரயில் பாதையில் 44 அடி ஓடினால் 1 அடிக்கு மேல் ஏற்றமோ இறக்கமோ இருக்கக்கூடாது என்பது அன்றைய பொறியியலாளர்கள் வைத்த கணக்கு. நேரே இறக்கினால் கணக்கு மீறும், ஆகவே தூரத்தை வளைத்து நீட்டினார்கள். 1924இல் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. ரயிலைப் படியிறங்கி வா என்று யாரும் சொல்லவில்லை.

மனிதரிடம் மட்டும் அதைச் சொல்கிறோம். பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவருக்குக் கால் போனால், இடுப்புக்குக் கீழே உணர்வு போனால், கண் மங்கினால், அக்கம்பக்கத்தார் ஆறுதலாகச் சொல்வது ஒன்றுதான்: "மலையில பொறந்தாச்சு, என்ன செய்ய?" தோட்டத்து ஆபிசும் அதையே சொல்லும், பிரதேச சபையும் அதையே சொல்லும். மலையின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. ஆனால் லயத்து இஸ்தோப்புக்கு முன்னால் இருக்கும் நாலு படியை மலை கட்டவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் "ஒனக்கு இன்னைக்குப் பேர் இல்ல" என்று சொல்வதும் மலை அல்ல.

படியிலிருந்தே தொடங்கலாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரண்டு காரியங்களைத் தடுக்கிறது. அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதிலோ கல்வி நிலையத்தில் அனுமதிப்பதிலோ பாகுபாடு காட்டக்கூடாது. பொதுமக்கள் போய்வரும் எந்தக் கட்டிடத்திலும் இடத்திலும், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அங்கவீனத்துக்காக ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது. பத்து ஆண்டு கழித்து, 2006 ஒக்டோபர் 17ஆம் திகதி, கட்டிடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டிடங்களைத் திருத்த முதலில் 3 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள், பிறகு நீட்டினார்கள். நீட்டிய காலமும் எப்போதோ முடிந்துவிட்டது.

வர்த்தமானியில் வந்துவிட்டால் மட்டும் படி இறங்கிவிடாது என்பதை நன்றாக உணர்ந்தவர் கலாநிதி அஜித் சீ. எஸ். பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவரது காரின் மேல் வீதியோர மரம் ஒன்று விழுந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். ஒழுங்குவிதிகள் ஏட்டோடு நிற்கின்றன என்று அவர் 2009இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சட்டத்தரணி வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இனிக் கட்டப்படும் பொதுக் கட்டிடங்கள் அந்த ஒழுங்குவிதிகளின்படி அமைய வேண்டும், தவறினால் அது தண்டனைக்குரிய குற்றம். 2020இல் அவர் காலமானார். அவர் வாங்கிக் கொடுத்த கட்டளை பதுளை மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான் என்பது நம் பக்கத்தில் கட்டிட வேலை எடுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. உலகம் முழுவதும் எடுத்துக்கொள்ளும் பொது அளவு 12க்கு 1. ஒரு கட்டிடத்துக்கு முன்னால் ஆறு அங்குல உயரத்தில் நாலு படி இருக்கிறது என்று வையுங்கள். மொத்த உயரம் 2 அடி. அப்படியானால் சாய்தளம் 24 அடி நீளம் இருக்க வேண்டும். வாசலில் அவ்வளவு இடம் இல்லையென்றால் சுவரோரமாகத் திருப்பலாம், நடுவில் சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி மட்டமான இடம் விடலாம். தெமோதரையில் செய்ததும் இதுதானே. நம் சிறு நகரங்களிலோ படிக்கட்டின் ஓரத்தில் எட்டடி நீளத்துக்குச் சிமெந்தை இழுத்துவிட்டு, சக்கர நாற்காலிப் படத்தையும் வரைந்துவிடுகிறார்கள். அதில் தள்ளுவண்டியை ஏற்றவே இரண்டு ஆள் வேண்டும். மழை பெய்தால் நடக்கக்கூடியவரும் வழுக்குவார். கண்துடைப்புச் சாய்தளத்தைவிடச் சாய்தளம் இல்லாத கட்டிடம் மேல், குறைந்தபட்சம் அதில் யாரும் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னும் சில அளவுகள் கைவசம் இருந்தால் நல்லது, ஏனென்றால் வீடு கட்டும் பாஸ் கேட்கும்போது சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் ஏறக்குறைய 26 அங்குலம். கதவு திறந்தபின் கிடைக்கும் இடைவெளி 32 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 36 என்றால் வசதி. மலசலகூடக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. படியை எடுக்கவே முடியாத இடத்தில் இரண்டு பக்கமும் கைப்பிடியும், ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் பட்டையும் போட்டால் பார்வை மங்கியவருக்கு உதவும். மஞ்சள் பூச்சு ஒரு தகரம் வாங்கினால் ஊரில் உள்ள கோயில், பாடசாலை, சனசமூக நிலையம் எல்லாவற்றுக்கும் போதும்.

"இதெல்லாம் டவுனுக்கு, தோட்டத்துக்குள்ள யாரு வந்து போடுவா?" என்று கேட்பீர்கள். நீண்ட காலம் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களைத் தனியார் சொத்தாகவே ஒதுக்கி வைத்திருந்தது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம். அந்தச் சபையின் காசில் ஒரு கொங்கிரீட் பாதை கேட்க முடியாமல் இருந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த வேலியைப் பிரித்தது. இன்று பசறை பிரதேச சபைக்குத் தோட்டத்துப் பாதையில் கை வைக்க அதிகாரம் உண்டு. லயத்திலிருந்து பெரிய ரோட்டு வரைக்கும் ஒரு நடைபாதை, பீலிக்குப் போகும் வழியில் கைப்பிடிக் கம்பி, பொது மலசலகூடத்தில் ஒரு இருக்கை என்று உறுப்பினரிடம் எழுத்தில் கேட்கலாம். தோட்ட நிர்வாகத்தோடு பேசித்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் "சட்டத்தில் இடமில்லை" என்ற பதில் இனி எடுபடாது.

புதிய வீடுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்திய உதவியோடு மலையகத்தில் கட்டப்படும் வீடு ஒவ்வொன்றும் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. ஒரு குடும்பத்துக்கு வாழ்நாளில் ஒரே முறை வரும் வாய்ப்பு அது. அத்திவாரம் போடுவதற்கு முன் "எங்க வீட்டுல நடக்க ஏலாத ஆள் இருக்காங்க" என்று எழுதிக் கொடுத்தால், ரோட்டு மட்டத்துக்கு அருகில் உள்ள காணித்துண்டைக் கேட்கலாம், கதவை அகலமாக வைக்கக் கேட்கலாம், மலசலகூடத்தில் குந்தும் கோப்பைக்குப் பதிலாக உட்காரும் கோப்பையும் சுவரில் ஒரு கம்பியும் கேட்கலாம். கட்டும்போது ஆறு அங்குலம் கூட்டிப் போடுவதற்குப் பெரிய செலவில்லை, கட்டி முடித்தபின் சுவரை உடைப்பதற்குத்தான் செலவு. பெயர்ப்பட்டியல் எடுக்கும்போது இதைக் கேட்பவர்கள் குறைவு. வீட்டில் படுத்திருப்பவரின் பெயரைச் சொல்லாமலே விட்டுவிடுகிற கூச்சமும் நம்மிடம் இருக்கிறது.

படியை விட்டுப் பேருக்கு வருவோம். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். காலைப் பிரட்டில் பேர் விழாவிட்டால் அன்றைய அடுப்பு எரிவது சந்தேகம்.

தோட்டத்தில் அங்கவீனம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வழுக்குக் கல்லில் கூடையோடு விழுந்து இடுப்பு உடைவது. கவ்வாத்துக் கத்தி விரலை எடுப்பது. ஸ்டோரில் ரோலரில் கை சிக்குவது. மருந்தடித்து மருந்தடித்துக் கண்ணும் நுரையீரலும் கெடுவது. நாளெல்லாம் நின்று, காலில் வந்த சின்னப் புண் சீனி வியாதியால் ஆறாமல் கடைசியில் காலையே எடுப்பது. வீதியும் ஒரு காரணம்: 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 பேர் இறந்தார்கள் என்பதை நாடே அறியும். காயத்தோடு தப்பியவர்களைப் பற்றி ஒரு வாரத்துக்குப் பிறகு பெரிதாக யாரும் எழுதவில்லை. இறந்தவரை எண்ணும் பழக்கம் பத்திரிகைகளுக்கு உண்டு. எழுந்து நடக்க முடியாமற் போனவரை எண்ணும் பழக்கம் இல்லை.

இப்படி நடுவயதில் உடல் மாறிப்போனவருக்குச் சட்டம் என்ன செய்கிறது? இங்கே இலங்கைச் சட்டத்தின் ஓட்டையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்குச் சேர்க்கும்போது பாகுபாடு காட்டாதே என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் அங்கவீனமானால் அவருக்கு ஏற்றபடி வேலையை மாற்றிக் கொடு என்று சொல்லவில்லை. போதாததற்கு, தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே முழுதாகவோ பகுதியாகவோ நிறைவேற்ற முடியாதவரைத்தான் அங்கவீனர் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஒற்றைக் கையோடு உழைத்து நாலு பேருக்குச் சோறு போடும் ஒருவர் அந்த வரைவிலக்கணத்துக்குள் வருவாரா என்பதே வாதத்துக்குரியது. இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய, அங்கவீனர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம், வேலைத்தலத்தில் நியாயமான வசதி செய்து கொடுப்பதைக் கடமையாக்குகிறது. அதற்கேற்பப் புதிய சட்டம் வருகிறது, வருகிறது என்று பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பக்கத்து நாடான இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது அங்கவீனமாகும் ஊழியரை வேலையிலிருந்து எடுக்கவோ பதவியிறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது. அது அங்கே அரசுத் துறைக்கு மட்டும்தான். நமக்கு அந்த அளவுகூட இல்லை.

அரசாங்க வேலையைப் பொறுத்தவரை ஒரு பழைய சுற்றறிக்கை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை. அரச சேவையிலும் அரச கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகுதியுள்ள அங்கவீனர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்த ஆண்டில் பெருந்தோட்டங்கள் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரச நிறுவனங்களின் கையில் இருந்தன. அதாவது அந்த 3 சதவீதம் தோட்டத்துக்கும் பொருந்தியிருக்க வேண்டும். நாலு ஆண்டு போனதும், 1992இல், நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. சுற்றறிக்கை தோட்ட எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று அதைக் கேட்கக்கூடிய இடம் பிரதேச செயலகம், பாடசாலை, வைத்தியசாலை, தபாலகம், மின்சார சபை போன்றவைதான். சாதாரண தரம், உயர் தரம் சித்தியடைந்து வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், அரச வேலை விண்ணப்பத்தில் இந்தச் சுற்றறிக்கையின் எண்ணைக் குறிப்பிட்டே எழுதலாம்.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தோட்டத்தில் செய்யக்கூடியவை நிறைய. தவரணையில் மண் நிரப்பும் வேலையை உயரமான மேசையில் வைத்தால் குனிய முடியாதவரும், உட்கார்ந்தே செய்ய வேண்டியவரும் செய்வார்கள். ஸ்டோரில் தூள் சலிக்கும் இடத்தில் முதுகைச் சாய்க்க வசதியுள்ள ஸ்டூல் ஒன்று போதும். கொழுந்து மடுவத்தில் நிறுத்து எழுதுவதற்குக் கால் தேவையில்லை. பிள்ளைக்காம்பராவில் உதவிக்கு, மருந்துப் பொருள் ஸ்டோரில் கணக்கு வைக்க, கேட்டில் காவலுக்கு, எத்தனையோ. ஒற்றைக் கண் போனவருக்குச் சரிவான மலையைத் தவிர்த்து மட்டமான நம்பரில் நிரை கொடுத்தால் அவர் மற்றவர்களைப் போலவே எடுப்பார். காது கேளாதவரிடம் கங்காணி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நம்பர் எழுதிய அட்டையைக் காட்டினால் வேலை முடிந்தது. இவற்றுக்கெல்லாம் கொழும்பில் ஆலோசகர் பிடிக்கத் தேவையில்லை, வேலை செய்பவரிடம் "ஒங்களுக்கு எது கஷ்டம்?" என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் இந்த மாற்று வேலையையும் ஒரு கோரிக்கையாக மேசையில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? தலைவர்மாரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனிக் கையெழுத்து. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரோ வேறு யாராவதோ அன்பாகத்தான் வருவார். "அண்ணே, இனி ஒங்களால மலையேற முடியாது. மகனுக்குப் பேர் பதிஞ்சு தாறோம். இதுல ஒரு கையெழுத்து வைங்க, ஈபிஎப் காசும் கைக்கு வந்துரும்." வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கும். யாராவது ஒருவர் தோட்டத்தில் பதிவில் இருந்தால்தான் லயத்தில் காம்பரா நிலைக்கும் என்ற பயம் வேறு. கையெழுத்து விழுந்துவிடும். அது விருப்பத்தோடு வேலையை விட்டதாக எழுதிய கடிதம் என்பது பிறகுதான் தெரியவரும்.

ஏன் அவ்வளவு அக்கறையாகக் கடதாசியோடு வருகிறார்கள்? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தும் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதென்றால், அவரது எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். கால் போனது ஒழுக்கக் குற்றம் அல்ல. ஆகவே இரண்டில் ஒன்று கட்டாயம். ஆணையாளரிடம் போனால் விசாரணை நடக்கும், நட்டஈடு போடச் சொல்வார்கள். உங்களிடம் வந்தால் ஒரு பேனா போதும். உங்கள் கையெழுத்து அவ்வளவு பெறுமதியானது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய கடதாசியில் அதை இலவசமாகப் போடாதீர்கள். ஒரு பிரதி வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் அதுவே ஒரு தகவல்.

வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்திருந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விரல், கை, கால், கண் என்று ஒவ்வொன்றுக்கும் உழைக்கும் ஆற்றலில் எத்தனை சதவீதம் இழப்பு என்று அட்டவணையே உண்டு. உச்சத் தொகை நீண்ட காலம் 5,50,000 ரூபாயில் நின்றது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 20 இலட்சம் ஆக்கியது, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. "நட்டஈடு கேட்கமாட்டேன்" என்று யாராவது எழுதி வாங்கியிருந்தாலும் அந்த எழுத்து செல்லாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தவருக்கும் கேட்க உரிமை உண்டு, வாய்ப்பேச்சில் அமர்த்தியிருந்தாலும் அவர் தோட்ட வேலைக்கு அமர்த்தப்பட்டவர்தானே. ஆனால் எல்லாம் ஆதாரத்தில் நிற்கிறது. அடிபட்ட அன்றே தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகத்தில் எந்த மலை, எந்த நம்பர், என்ன வேலை, எத்தனை மணி என்று பதியச் செய்யுங்கள். "வீட்டுல விழுந்துட்டாங்க" என்று எழுதப்பட்டால் பின்னால் மாற்றுவது கடினம். பதுளை ஆஸ்பத்திரியில் வாட்டில் சேர்க்கும்போதும் அதையே சொல்லுங்கள், நோய் நிர்ணய அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். பதுளை தொழில் அலுவலகத்திலும் முறைப்பாட்டைப் பதியலாம்.

நட்டஈடு வேறு, ஈபிஎப் என்ற ஊழியர் சேமலாப நிதி வேறு, பணிக்கொடை வேறு. ஒன்றைத் தந்துவிட்டோம் என்று மற்றதைக் கழிக்க முடியாது. நிரந்தரமாக, முழுமையாக உழைக்க முடியாதவர் என்று மருத்துவச் சான்று இருந்தால் வயதாகும் வரை காத்திராமல் ஈபிஎப் முழுவதையும் எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதியமான ஈடிஎப்பிலும் நிரந்தர அங்கவீனத்துக்கென்று உதவி உண்டு. 5 ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரரென்றால் ஒவ்வொரு ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும், அதுவும் வேலை முடிந்து 30 நாளுக்குள்.

பஸ் விபத்து போன்றவற்றில் வழி வேறு. வாகனத்துக்குக் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்கும். நட்டஈட்டு வழக்கை 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வைத்தியம் பார்த்து, கடனைக் கட்டி, கொஞ்சம் நிமிரும்போது அந்த 2 ஆண்டு ஓடிப்போயிருக்கும். ஆகவே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு முதல் மாதத்திலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்துக்குப் போய்விடுவது புத்தி. வசதியில்லாதவருக்கு அவர்கள் கட்டணமின்றி வழக்குப் பேசுவார்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் தனியாக ஒரு வார்த்தை. பார்வையற்ற பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியை வைத்தே தமிழ் வாசிக்கிறார்கள். திரையில் உள்ளதைப் போன் உரக்கப் படித்துக் காட்டும். ஆனால் அரச அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி, அச்செடுத்து, முத்திரை குத்தி, அதைப் படமாக ஸ்கேன் செய்து வலைத்தளத்தில் போடுகிறார்கள். படத்தைப் போன் சரியாகப் படிக்காது. பாமினிக் கோப்பை நேரே கொடுத்தாலோ தமிழுக்குப் பதில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டும். யூனிகோடில் தட்டெழுதி அந்தக் கோப்பையே போட்டால் செலவு ஒரு சதம்கூட இல்லை. சாய்தளத்துக்குக் காசில்லை என்பவர்கள் இதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

காது கேளாதவருக்கு நம் பக்கத்தில் உள்ள பெரிய ஆபத்து மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்தது யாருக்கும் மறக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த சரிவுகளும் பதுளை மாவட்டத்தை உலுக்கின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடும். அது ஒலிபெருக்கியிலும் கோயில் மணியிலும் வாய்ச்சொல்லிலும்தான் லயத்துக்கு வந்து சேரும். இரவில் தூங்கும் காது கேளாதவருக்கு அது எப்படிப் போகும்? படுத்த படுக்கையில் இருப்பவரை நாலு பேர் தூக்காமல் எப்படி இறக்குவது? ஒவ்வொரு லயத்திலும் இப்படிப்பட்டவர் யார், அவரை எழுப்பப் போவது எந்தக் காம்பராக்காரர், தூக்கப் போகும் ஆட்கள் யார், எந்தப் பாதை என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்க வேண்டும். அவரது மருந்து, அடையாள அட்டை, ஊன்றுகோல் மூன்றும் ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும். தற்காலிக முகாமாகப் பாடசாலையைத் திறக்கும்போது கீழ்மாடி வகுப்பறையை இவர்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

மாதாந்த உதவித்தொகையைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த வருமானக் குடும்பத்திலுள்ள அங்கவீனருக்கு 2024இல் 7,500 ரூபாய் கிடைத்தது. 2025 வரவு செலவுத் திட்டம் அதை 10,000 ஆக உயர்த்தியது. கிராம உத்தியோகத்தரின் சிபாரிசும் மருத்துவச் சான்றும் எடுத்து, பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லை என்று திருப்பி அனுப்பினால், தமிழில் எழுதிக் கொடுத்து, தமிழிலேயே பதில் கேளுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தரும் உரிமை அது.

அரச அலுவலகம் ஒன்று உரிமையை மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குப் பதுளையில் பிராந்திய அலுவலகம் உண்டு, தொலைபேசி எண் 1996. முறைப்பாட்டுக்குக் காசில்லை. தனியார் கம்பனியோ, தனியார் வங்கியோ, கடையோ பாகுபாடு காட்டினால் அடிப்படை உரிமை மனு சரிவராது. அதற்கு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தப் பிரிவைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. பயன்படுத்தாத கத்தி துருப்பிடிக்கும், சட்டத்தரணிகளே அதை மறந்துவிடுகிறார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாத அவகாசம்.

நீதிமன்றம் வரை போவதற்கு முன் கையில் ஆதாரம் சேர்க்க நல்ல வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலே போதும், தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது அது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்கவும் வேண்டும். பிரதேச சபையிடம் கேட்கக்கூடியவை: 2011 ஏப்ரலுக்குப் பிறகு உங்கள் எல்லைக்குள் எத்தனை பொதுக் கட்டிடங்களுக்கு இணக்கச் சான்றிதழ் கொடுத்தீர்கள், அவற்றில் எத்தனையில் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி சாய்தளமும் மலசலகூடமும் இருக்கின்றன, 2018க்குப் பிறகு தோட்டத்துப் பாதைகளுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள். பிரதேச செயலகத்திடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் கேட்கக்கூடியது: 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் 3 சதவீதத்தில் இதுவரை எத்தனை பேர் நியமிக்கப்பட்டார்கள், அவர்களில் தமிழ் மொழி மூலம் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர். கடிதத்தில் திகதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி, பிரதியை வீட்டில் வையுங்கள்.